வியன்னாவில் குளிர்காலமா? வியாழக்கிழமை போங்கள்

ஜனவரியில் வியன்னாவுக்குப் போகிறேன், ஒரு நாள்தான் இருக்கிறது, எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கிழமையைத்தான் சொல்வேன். வியாழக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஊரின் பெரிய ஓவிய அருங்காட்சியகமான குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மற்ற நாட்களில் ஆறு மணிக்கு மூடும், வியாழனன்று மட்டும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். திங்கட்கிழமை குளிர்காலத்தில் விடுமுறை. ஆகவே இருக்கிற கொஞ்சம் பகலைத் தேவாலயங்களுக்குக் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டால் இரவு வரை நிதானமாகப் பார்க்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு தேவாலயம், ஒரு அருங்காட்சியகம், அவ்வளவுதான். பட்டியலில் இன்னும் நாலைந்து இருந்தன. விட்டுவிட்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். போர்வை, படுக்கை விரிப்பு, துண்டு என்று வீட்டுத் துணிகள். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஜனவரி தோறும் நடக்கும் வீட்டுத் துணிக் கண்காட்சிக்கு வந்தேன். அது முடிந்ததும் ரயில் ஏறி வியன்னாவில் படிக்கும் அண்ணன் மகளைப் பார்க்கப் போனேன். அன்று காலை மைனஸ் நான்கு டிகிரி. முந்தின இரவு பெய்த பனி நடைபாதை ஓரமெல்லாம் குவிந்து கிடந்தது. ஊரிலிருந்து எடுத்துப்போன ஷூ அந்த ஈரத்துக்குத் தாங்காது என்று அவள் தன்னுடைய பழைய பூட்ஸைக் கொடுத்தாள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் கால் நனைந்துவிட்டால் நாளே போய்விடும்.

காலை ஒன்பது மணிக்கு ஸ்டெஃபான்ஸ்டோம், அதாவது புனித ஸ்தேவான் பேராலயம். சுரங்க ரயிலில் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் நிறுத்தத்தில் இறங்கிப் படியேறினால் நேராக அதன் காலடியில்தான் வந்து நிற்பீர்கள். 136 மீட்டர் உயரத் தெற்குக் கோபுரம். கூரை முழுக்கப் பளபளக்கும் ஓடுகள், சுமார் 2,30,000 என்கிறார்கள். மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று ஸிக்ஸாக்காக ஓடும் கோலம். பார்த்தவுடன் எனக்கு ஒரு பெரிய விரிப்பை எடுத்துக் கூரைமேல் உதறிப் போட்ட மாதிரி இருந்தது. பனி வழுக்கி விழுந்த இடத்தில் மட்டும் நிறம் தெரிந்தது, மீதி வெள்ளை.

உள்ளே போவதற்கு முன் முகப்பு வாசலின் இடதுபக்கச் சுவரைப் பாருங்கள். அநேகம் பேர் அண்ணாந்து கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறார்கள். அந்தச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு இரும்புக் கம்பிகள் கிடைமட்டமாகப் பதித்திருக்கிறார்கள். ஒன்று நீளம், இன்னொன்று கொஞ்சம் குட்டை. அண்ணன் மகள்தான் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"இது உங்களுக்குன்னே வெச்சமாதிரி இருக்குதுங்க அத்தை."

அவை துணி அளக்கும் கோல்கள். நீளமானது லினன் துணிக்கு, குட்டையானது கம்பளித் துணிக்கு. அந்தக் காலத்தில் கோயிலைச் சுற்றித்தான் சந்தை. வாங்கின துணியில் அளவு குறைகிறது என்று சந்தேகம் வந்தால் யாரும் இங்கே கொண்டுவந்து பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்த அளவுக்கு ஜெர்மன் மொழியில் எல்லெ என்று பெயர். முழங்கைக்கு அவர்கள் சொல்வது எல்லென்போகன். நம் முழமும் முழங்கையும் போலவே!

கைப்பையில் எப்போதும் இன்ச் டேப் இருக்கும், தொழில் அப்படி. எடுத்துப் பிடித்தேன். நீளக் கோல் முப்பத்தைந்தே கால் அங்குலம், குட்டைக் கோல் முப்பதரை. நம் கெஜம் முப்பத்தாறு. அப்பா கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் வைத்திருந்த கெஜக்கோல் நினைவுக்கு வந்தது. இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், நடுவில் கைபட்டுக் கைபட்டு வழவழப்பான மரம். அதை அவர் யாருக்கும் இரவல் தர மாட்டார். இந்த இரும்புக் கம்பியும் நடுப்பகுதியில் அதேமாதிரி மழுங்கியிருந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டேன், குளிர் விரலைக் கடித்தது. ஈரோட்டில் அப்போது மதியம் ஒன்றரை மணி. அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கோயில் செவுத்துலயா? ரெண்டு கோலா?" என்றார். நான் விளக்கம் சொல்வதற்கு முன்னால் அவரே, "ஒண்ணு கம்பளிக்கா இருக்கும் கண்ணு. கம்பளிக்கு எங்கயும் தனி அளவுதான்" என்றார்.

இந்த ஒரு சுவருக்காகவே நான் அந்தப் பேராலயத்துக்கு முழு மதிப்பெண் போடுவேன். உள்ளே இன்னும் நிறைய இருக்கிறது.

நுழைந்தவுடன் பின்பகுதியிலும் பக்கவாட்டிலும் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. நடுக்கூடத்துக்குள் போய் அருகில் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். தயங்காமல் வாங்குங்கள், அந்தப் பிரசங்க மேடைக்காகவாவது. 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மணற்கல்லில் செதுக்கியது. மேலே திருச்சபையின் நான்கு பெரிய ஆசிரியர்கள், ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொரு மனநிலையில். மாடிப்படியின் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாகத் தவளைகளும் பல்லிகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஏறுகின்றன. மேல் முனையில் ஒரு கல் நாய் நின்று அவற்றைத் தடுக்கிறது. நல்ல வார்த்தை சொல்லும் இடத்துக்குத் தீயது ஏறக்கூடாது என்று அர்த்தம். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துகொண்டு ஒரு மனிதர் எட்டிப் பார்க்கிறார், கையில் சிற்பியின் கருவி. இந்த வேலையைச் செய்தவர் தன்னையே வைத்துக்கொண்டார் என்கிறார்கள். தறி போட்டவன் பெயர் எந்தப் போர்வையிலும் இருப்பதில்லை. அதனால் அந்தக் கல் மனிதரின் முன் நான் நெடுநேரம் நின்றேன். கண் இடுங்கி, கன்னம் ஒட்டி, வேலை முடிந்த களைப்போடு இருக்கிறார்.

வேலைக்காரர்களின் மாதா என்று ஒரு சிலையும் உள்ளே இருக்கிறது. 1300-ஐ ஒட்டிய காலத்துக் கல் சிலை, குழந்தையைக் கையில் வைத்திருக்கும் மரியாள். ஒரு சீமாட்டி தன் வீட்டுப் பணிப்பெண்மேல் திருட்டுப் பழி போட்டாளாம். அந்தப் பெண் எஜமானி வீட்டிலிருந்த இதே சிலையின் முன் அழுது வேண்ட, உண்மைத் திருடன் பிடிபட்டானாம். அதன்பின் சிலையை வைத்துக்கொள்ள மனசில்லாமல் சீமாட்டி கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள் என்று கதை. வீட்டு வேலை செய்கிறவர்கள் விடியற்காலைப் பூசைக்கு இந்த மாதாவிடம்தான் வந்தார்கள். நாங்கள் போனபோது ஒரு வயதான அம்மா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அதன் சூட்டில் கையைக் காய்ச்சியபடியே வேண்டிக்கொண்டிருந்தார்.

1945 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில், பக்கத்துக் கட்டடங்களிலிருந்து தீ பரவி இந்தப் பேராலயத்தின் மரக்கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. 1683-இல் துருக்கியப் படை விட்டுச்சென்ற பீரங்கிகளை உருக்கி 1711-இல் வார்த்த பும்மெரின் என்ற பெரிய மணியும் அப்போது விழுந்து உடைந்தது. அந்த உடைந்த உலோகத்தையே மறுபடி உருக்கி 1951-இல் புது மணி வார்த்தார்கள். இருபது டன் எடை, வடக்குக் கோபுரத்தில் தொங்குகிறது, லிஃப்டில் போய்ப் பார்க்கலாம். தெற்குக் கோபுரத்துக்கு 343 படி. மூட்டு நன்றாக இருப்பவர்கள் ஏறுங்கள். நான் ஏறவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பழைய தேவாலயத்துக்குள் குளிர் வெளியைவிடக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். காற்று இல்லை, ஆனால் கல் தரையிலிருந்து குளிர் மெல்ல ஏறும். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கணுக்கால் வரை மரத்துப்போய்விட்டது. வெளியே வந்து கிராபன் வீதியில் வறுத்த செஸ்ட்நட் ஒரு பொட்டலம் வாங்கினோம். கரி அடுப்பில் வறுத்துக் காகிதக் கூம்பில் தருகிறார்கள். பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்ந்த மாதிரி ஒரு மாவுச் சுவை. பாதியைச் சாப்பிட்டோம், மீதிப் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் வைத்துக் கையைச் சூடேற்றிக்கொண்டே நடந்தோம்.

அடுத்தது அகுஸ்டினர்கிர்ஷெ. பேராலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம், பத்து நிமிடம். வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு தேவாலயம் என்றே தெரியாது, அரண்மனைக் கட்டடங்களோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கல்யாணங்கள் நடந்த இடம். பின்னாளில் நாட்டை ஆண்ட மரியா தெரேசா 1736-இல் இங்கேதான் மணமுடித்தார். அவர் மகள் மரி அன்டோனெட்டுக்கு 1770-இல் மாப்பிள்ளை வராமலே, அவர் சார்பில் இன்னொருவரை நிறுத்தி இங்கே திருமணம் செய்துவைத்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அரச குடும்பத்தினரின் இதயங்களை மட்டும் தனியே எடுத்து வெள்ளிக் கலயங்களில் வைத்திருக்கும் அறை ஒன்றும் உண்டு. அதைப் பார்க்க முன்னேற்பாடு வேண்டும், நாங்கள் முயலவில்லை.

நான் போனது கனோவா வடித்த நினைவுச் சின்னத்துக்காக. மரியா தெரேசாவின் இன்னொரு மகள் மரியா கிறிஸ்டினா 1798-இல் இறந்தபோது, அவருடைய கணவர் ஆல்பர்ட் இத்தாலியச் சிற்பி அந்தோனியோ கனோவாவிடம் இதைச் செய்யச் சொன்னார். 1805-இல் முடிந்தது. சுவரோடு ஒட்டி வெள்ளைப் பளிங்கில் ஒரு பிரமிடு, நடுவில் இருட்டான ஒரு வாசல். அந்த வாசலை நோக்கி ஒரு சிறு ஊர்வலம் படியேறிப் போகிறது. அஸ்திக் கலயத்தை நெற்றியோடு சேர்த்துப் பிடித்த ஒரு பெண், கூடவே இரண்டு சிறுமிகள், பின்னால் ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வரும் கிழவர், ஒரு குழந்தை. யாருடைய முகமும் நம் பக்கம் முழுதாகத் திரும்பவில்லை.

என் கண் போனது அவர்கள் காலடிக்கு. அந்த இருட்டு வாசலுக்குள்ளிருந்து ஒரு நீளமான விரிப்பு படிகளின் மேலாக வழிந்து கீழே வருகிறது. அதுவும் பளிங்குதான். முப்பது வருடம் துணியைப் பிரித்தும் மடித்தும் பார்த்தவள் சொல்கிறேன்: கனமான துணி படியின் விளிம்பில் எப்படி மடங்கும், தரையில் விழும் இடத்தில் எப்படிச் சுருங்கிப் படியும், ஒருவர் மிதித்தால் எந்தப் பக்கம் இழுபடும் என்பதில் ஒரு இடத்தில்கூடப் பிசகு இல்லை. அதே கல்லில் அந்தப் பெண்ணின் மெல்லிய உடை வேறு எடையில் தொங்குகிறது. இரண்டும் ஒரே பளிங்கு என்று கண் ஒத்துக்கொள்ளவே மறுக்கிறது. மேலே லத்தீனில் மூன்றே சொல்: மிகச் சிறந்த மனைவிக்கு, ஆல்பர்ட். மரியா கிறிஸ்டினாவின் உடல் இங்கே இல்லை, குடும்பத்தாரோடு வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே எங்களைத் தவிர நாலு பேர்தான் இருந்தார்கள். கட்டணமும் இல்லை. இவ்வளவு பெரிய வேலையை இவ்வளவு அமைதியில் பார்க்க முடிந்ததற்கு ஜனவரிக் குளிருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மதியச் சாப்பாடு சரியாக அமையவில்லை. சுற்றுலாக் கூட்டத்தை நம்பி நடக்கும் ஒரு உணவகத்தில் உட்கார்ந்துவிட்டோம். சூப் ஆறிப்போய் வந்தது. நாங்கள் கேட்காமலே மேசையில் வைத்த ரொட்டிக்கும் பில்லில் தொகை போட்டிருந்தார்கள். அண்ணன் மகள் ஜெர்மனில் பேசி அதை எடுக்க வைத்தாள். சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அது எலும்புச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே அது சகஜம்.

ஒரு மணிக்கு அருங்காட்சியகம். ரிங் வீதியைத் தாண்டினால் மரியா தெரேசா சிலையின் இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு மாளிகைகள். ஒன்று இயற்கை வரலாற்றுக்கு, இன்னொன்று கலைக்கு. கலை அருங்காட்சியகம் திறந்தது 1891-இல். டிக்கெட் இருபது யூரோவுக்குமேல். நம் காசுக்கு மாற்றிப் பார்த்தால் மனசு கொஞ்சம் கணக்குப் போடும். எட்டு மணி நேரம் உள்ளே இருக்கலாம் என்று சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பத்தொன்பது வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம். கோட்டு, பை எல்லாவற்றையும் கீழே உடுப்பு அறையில் கொடுத்துவிட்டு, கை வீசி நடக்கிற மாதிரிப் போங்கள். உள்ளே நல்ல கதகதப்பு. மரத்துப்போன என் கால் படிக்கட்டு ஏறி முடிப்பதற்குள் உயிர் பெற்றுவிட்டது. அந்தப் படிக்கட்டும் நின்று பார்க்க வேண்டியது. தூண்களுக்கு மேலே வளைவுகளின் ஓரத்தில் இருக்கும் சில ஓவியங்கள் வியன்னா ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் இளைஞராக இருந்தபோது வரைந்தவை.

மேல் மாடியில் எல்லா அறையையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் மூன்றாவது அறையிலேயே கண் மங்கிவிடும். நான் மூன்று ஓவியர்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதலில் வெலாஸ்கெஸ். ஸ்பெயின் இளவரசி மார்கரிட்டா தெரேசாவைச் சிறுவயது முதல் வரைந்து வரைந்து வியன்னாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஏனென்றால் பின்னாளில் அவளை மணக்கப்போகிற தாய்மாமன், பேரரசர் லியோபோல்ட், இங்கே இருந்தார். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது நமக்கொன்றும் புதிதில்லை. ரோஜா நிறச் சட்டையில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, 1659-இல் வரைந்த நீலத்தில் ஒன்று. நீலப் படத்தில் அவளுக்கு எட்டு வயது. தூரத்திலிருந்து பார்த்தால் நீலப் பட்டும் வெள்ளிச் சரிகையும் அப்படி மின்னுகின்றன. இரண்டு அடி தூரத்துக்குப் போனால் சரிகை காணாமல் போய்விடுகிறது. சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன இழுப்புகள், அங்கங்கே ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். பின்னால் நகர்ந்தால் மறுபடி சரிகை. நாலைந்து தடவை முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். ஒரு கையில் பழுப்பு நிற மென்மயிர்க் கையுறை உருளை ஒன்று வைத்திருக்கிறாள், குளிருக்கு இரண்டு கையையும் நுழைத்துக்கொள்வது. பதினைந்து வயதில் இங்கே வந்து சேர்ந்தாள், இருபத்தொன்றில் இறந்துபோனாள். அந்த முகத்தை அதற்குப் பிறகு சும்மா பார்க்க முடியவில்லை.

அடுத்தது வெர்மீர், ஓவியக்கலை என்று பெயர். பக்கவாட்டுச் சிறு அறையில் இருக்கிறது. இடதுபுறம் கனத்த சித்திரத் திரைச்சீலையை யாரோ இப்போதுதான் ஒதுக்கிவிட்டார்கள் போல மடிந்து தொங்குகிறது. அதன் ஊடை நூல் புடைத்திருப்பதை என்னால் எண்ண முடியும் போலிருந்தது.

மூன்றாவது புரூகல். பீட்டர் புரூகலின் ஓவியங்கள் உலகத்திலேயே அதிகமாக இருப்பது இந்த ஒரு அறையில்தான், பன்னிரண்டு. இங்கே ஒரு நீள இருக்கை போட்டிருக்கிறார்கள். அதில் நாங்கள் இரண்டு முறை உட்கார்ந்தோம், மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு ஏழரைக்கு ஒருமுறை.

குடியானவர் கல்யாணம் என்ற படத்தில் பந்தி நடக்கிறது. களத்துமேட்டுக் கொட்டகை, பின்னால் வைக்கோல் அடுக்கு. கழற்றிய கதவு ஒன்றைத் தட்டாக்கி இரண்டு பேர் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பாடு சுமந்து வருகிறார்கள். ஒரு ஆள் திரும்பி எடுத்து எடுத்து வரிசைக்குக் கொடுக்கிறார். பெண் மட்டும் பச்சைத் துணி கட்டின சுவர் முன்னால் கை கோத்து, எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை யார் என்று இன்றுவரை விவாதம் ஓய்ந்தபாடில்லை. கீழே ஒரு குழந்தை கிண்ணத்தை வழித்து நக்குகிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இந்தப் பந்தியை நான் பார்த்திருக்கிறேன்.

பனியில் வேட்டைக்காரர்கள் 1565-இல் ஓக் பலகைமேல் வரைந்தது. ஆண்ட்வெர்ப் வணிகர் ஒருவர் தன் வீட்டுக்காக ஆண்டின் பருவங்களை வரையச் சொன்ன வரிசையில் ஒன்று. ஐந்து படங்கள் மிஞ்சியிருக்கின்றன. மூன்று இங்கே, ஒன்று பிராகில், ஒன்று நியூயார்க்கில். அதற்கு முந்தின குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்ததாம். மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனியில் இறங்குகிறார்கள். ஒருவர் தோளில் தொங்குவது ஒரே ஒரு நரி. நாய்கள் தலை தொங்கிப்போய் வருகின்றன. பக்கத்துச் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சாய்ந்து தொங்குகிறது. வாசலில் பன்றியின் மயிர் பொசுக்க வைக்கோல் கொளுத்தியிருக்கிறார்கள். கீழே உறைந்த குளங்கள், அதன்மேல் எறும்பு அளவில் சறுக்கி விளையாடும் பிள்ளைகள்.

மதியம் கூரைக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்தில் அந்த வானம் பச்சை கலந்த சாம்பலாக இருந்தது, அன்று காலை நாங்கள் வெளியே பார்த்த அதே வானம். இரவு வந்தபோது மேலே இருட்டு, விளக்கு வெளிச்சத்தில் பனி கொஞ்சம் மஞ்சளடித்து, பன்றி பொசுக்கும் நெருப்பு முன்னைவிடச் சிவப்பாகத் தெரிந்தது. மதியம் முட்டிமோதின கூட்டம் இல்லை. அறையில் காவலரும் நாங்களும்தான். இதற்காகத்தான் வியாழக்கிழமை என்று சொல்கிறேன்.

இந்த இரண்டு முறைக்கும் இடையில், குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் காபிக் கூடத்தில் மெலாஞ்ச் குடித்தோம், நுரை பொங்கும் பால் காபி. ஆப்பிள் ஸ்ட்ரூடல் ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டோம். விலை அதிகம்தான். ஆனால் அந்தப் பளிங்குத் தரையையும் தலைக்கு மேலே வட்டமாகத் திறக்கும் உயரத்தையும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்காரலாம்.

எட்டே முக்காலுக்குக் காவலர் வந்து மெல்லிய குரலில் நேரமாகிவிட்டது என்றார். அப்போதுதான் அண்ணன் மகள் எழுந்து வேட்டைக்காரர்கள் படத்தின் அருகே போனாள்.

"அத்தை, இங்க வாங்க. தூரத்துல ஒரு வீடு தீப்பிடிச்சு எரியுது பாருங்க."

வலதுபக்கம், பாலத்துக்கு அப்பால், நகத்தளவு ஒரு வீடு. புகைபோக்கியில் தீ. அதைவிடச் சின்னதாக மனிதர்கள் ஏணி சாத்திக் கூரைமேல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு முறை உட்கார்ந்தும் என் கண்ணில் அது படவே இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். காவலர் மறுபடி வரும் வரை அந்த ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கீழே போய்க் கோட்டை வாங்கி மாட்டினேன். கோட்டுப் பையில் காலையில் மிஞ்சின செஸ்ட்நட் ஐந்தாறு இருந்தன, சில்லிட்டுப் போய். அவற்றை உரித்துத் தின்றபடியே ஃபோல்க்ஸ்தியேட்டர் நிறுத்தத்துக்கு நடந்தோம்.